அணையா அடுப்பை மூட்டிய அடிகளார்

(பத்தாம் வகுப்பு மாணவி, தீர்த்தமலை)

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் கைகூப்பித் தொழுகிறோம். நம் ஆலயத்தில் நற்கருணைப் பேழையின் முன் இரவும் பகலும் எரியும் சிறு விளக்கைக் கண்டால் முழந்தாளிடுகிறோம். திரௌபதி அம்மன் திருவிழாவில் தீ மிதிப்போரை ஊரே திரண்டு நின்று வியந்து பார்க்கிறது. ஆனால் நம் வீட்டு அடுப்பில் அன்றாடம் எரியும் நெருப்பை மட்டும் நாம் யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. விறகு அடுப்போ, எரிவாயு அடுப்போ, அம்மா விடியுமுன் எழுந்து அதைப் பற்ற வைக்கிறார். நாம் உண்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிறோம். அத்துடன் அதை மறந்தும் விடுகிறோம்.

அந்த அடுப்பு நெருப்புக்கு விளக்கின் பெருமையைத் தந்த மகான் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். 1867ஆம் ஆண்டு அவர் மூட்டிய அடுப்பு 150 ஆண்டுகளைக் கடந்தும் இன்னும் அணையாமல் எரிந்து கொண்டிருக்கிறது. அவர்தாம் வள்ளலார் என்று மக்கள் அன்போடு அழைக்கும் இராமலிங்க அடிகளார்.

தீர்த்தமலை வாசிகளாகிய நமக்கு அவருடைய வரலாறு மிகவும் பொருந்தும். நம் மலையில் இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என ஐந்து தீர்த்தங்கள் உள்ளன. நீருக்கு நெருப்பின் பெயரைச் சூட்டிய ஊர் நம்முடையது. அதே சமயம், மழை பொய்த்தால் அடுப்பில் பூனை உறங்கும் வானம் பார்த்த பூமியும் நம்முடையதே. பசி என்றால் என்ன என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அந்தப் பசியோடு போராடியவரின் கதையை இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்திற்கு அருகே மருதூர் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தையார் இராமையா பிள்ளை ஊர்க் கணக்குப் பார்த்தவர். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தவர். தாயார் சின்னம்மையார். சபாபதி, பரசுராமன் என்ற இரு அண்ணன்மாரும், சுந்தரம், உண்ணாமுலை என்ற இரு அக்காமாரும் அவருக்கு இருந்தனர். ஐந்தாவதாகப் பிறந்த கடைக்குட்டி இவர்.

கைக்குழந்தையாக இருந்த அவரைப் பெற்றோர் தில்லைக் கோயிலுக்கு எடுத்துச் சென்றனராம். அங்கே சிதம்பர இரகசியத்தின் திரையை விலக்கியபோது, தாயின் தோளில் கிடந்த குழந்தை கலகலவென்று சிரித்ததாம். அன்று விலகிய அந்த ஒரு திரையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள் தோழியரே! பின்னாளில் அவர் கட்டிய சபையில் ஏழு திரைகளைக் காணப் போகிறோம்.

குழந்தைப் பருவம் கடக்குமுன்பே தந்தையார் காலமானார். ஐந்து பிள்ளைகளுடன் தனித்து நின்ற சின்னம்மையார் முதலில் பொன்னேரிக்கு அருகிலுள்ள தம் பிறந்த ஊருக்குச் சென்றார். பிறகு சென்னைக்கே வந்து குடியேறினார். மூத்த மகன் சபாபதி புராணச் சொற்பொழிவுகள் செய்து பொருள் ஈட்டினார். அந்த வருவாயில்தான் குடும்பம் நடந்தது. ஏழுகிணறு பகுதியில், வீராசாமி பிள்ளைத் தெருவில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

அண்ணியார் இட்ட சோறு

தம்பி நன்றாகப் படித்து, தம்மைப் போலவே பிழைக்க வழி தேடிக் கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. ஆகவே தமக்குக் கற்பித்த காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடமே தம்பியையும் அனுப்பினார். இராமலிங்கரோ ஏட்டுப் பாடத்தில் மனம் செலுத்தவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. அங்கே நின்று சொந்தமாகப் பாடல்கள் பாடுவார். ஒரு நாள் ஆசிரியர் மறைந்து நின்று அவற்றைக் கேட்டார் என்றும், இப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கூறிவிட்டார் என்றும் வரலாறு சொல்கிறது.

ஆனால் அண்ணனுக்கு அது புரியவில்லை, சினம் கொண்டார். தம்பிக்குச் சோறு போடக் கூடாது என்று மனைவியிடம் கட்டளையிட்டார். அந்த அம்மையாரின் பெயர் பாப்பாத்தி அம்மாள். கணவர் சொல்லை மீறுவது அக்காலத்தில் எளிதான செயலா? எனினும் ஒரு பிள்ளை பசியோடு திரிவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கணவர் வெளியே போன நேரம் பார்த்து, வீட்டின் பின்புறமாகத் தம் கொழுந்தனை அழைத்துச் சோறிட்டார். ஒரு திதி நாளில் உறவினரெல்லாம் கூடத்தில் அமர்ந்து விருந்துண்ண, வீட்டுப் பிள்ளை மட்டும் பின்கட்டில் ஒளிந்து உண்பதைக் கண்டு அண்ணியார் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரே இராமலிங்கரை வீடு திரும்பச் செய்தது. வீட்டிலேயே தங்கிப் படிக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

பிற்காலத்தில் இலட்சக்கணக்கான மக்களுக்குச் சோறிடும் அறத்தைத் தொடங்கியவர், சிறு வயதில் இப்படி ஒளிந்து உண்டவர்! பசியும் அவமானமும் ஒன்றாகச் சேரும்போது எப்படியிருக்கும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. தம் வாழ்விலேயே அறிந்தார். அந்த இருளில் அவருக்குக் கிடைத்த முதல் ஒளி ஓர் அடுக்களையின் நெருப்புதான். வடலூரின் பெரிய அடுப்புக்கு முதல் சுள்ளியை எடுத்து வைத்தவர் பாப்பாத்தி அம்மாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கண்ணாடியும் விளக்கும்

அண்ணன் வீட்டு மாடியறை இராமலிங்கருக்குத் தரப்பட்டது. அவர் புத்தகத்தை விரிக்கவில்லை. சுவரில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, அதன் முன் ஒரு விளக்கை ஏற்றி, ஒளியை நோக்கி அமர்ந்துவிட்டார். அந்தக் கண்ணாடியில் திருத்தணிகை முருகனின் காட்சி அவருக்குக் கிடைத்ததாக அன்பர்கள் நம்புகின்றனர். விளக்கும் கண்ணாடியும் அன்று தொடங்கி அவர் வாழ்நாள் முழுவதும் உடன் வந்தன.

ஒரு சமயம் அண்ணனுக்கு உடல்நலம் குன்றியது. சோமு செட்டியார் வீட்டில் நடந்து வந்த பெரிய புராணச் சொற்பொழிவுக்கு அவரால் செல்ல இயலவில்லை. ஓரிரு பாடல்களை மட்டும் பாடிவிட்டு, அண்ணன் வர இயலாமையைத் தெரிவித்து வரும்படி தம்பியை அனுப்பினார். சென்ற சிறுவனோ அவையினர் வியக்கும் வண்ணம் நள்ளிரவு வரை பொருள் விரித்துப் பேசினான். இனி இந்தப் பிள்ளையே வந்து பேச வேண்டும் என்று கேட்டோர் விரும்பினார்கள். தம்பியின் பெருமையை அண்ணன் அப்போதுதான் உணர்ந்தார்.

பேச்சினால் பொருளும் புகழும் குவிக்க வாய்ப்பு இருந்தது. ஆனால் இராமலிங்கர் அந்த வழியில் செல்லவில்லை. திருவொற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் நடந்து சென்று வழிபட்டார். உடலையும் தலையையும் வெள்ளை ஆடையால் மூடிக்கொண்டு, எளிமையே உருவாக வாழ்ந்தார்.

உறவினரின் வற்புறுத்தலால் 1850ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில், அக்கா உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை மணந்தார். ஆனால் அவர் இல்லற வாழ்வில் ஈடுபடவில்லை. மணநாள் இரவு முழுவதும் திருவாசகம் படித்தே கழிந்தது என்பர். அடிகளாரின் துறவை நாம் போற்றுகிறோம். அதே வேளையில், அந்தத் துறவின் சுமையில் ஒரு பங்கைத் தாம் கேட்காமலேயே ஏற்க நேர்ந்த தனக்கோடி அம்மையாரையும் நாம் நினைக்க வேண்டும் அல்லவா? வரலாற்று நூல்கள் அவரைப் பற்றி மிகச் சில வரிகளே எழுதுகின்றன. பெண்களாகிய நாமாவது அந்த வரிகளில் சற்று நின்று போவோம்.

கருங்குழியில் எரிந்த விளக்கு

சென்னையின் ஆரவாரம் அடிகளாருக்குப் பிடிக்கவில்லை. 1858ஆம் ஆண்டளவில் தென்திசை நோக்கிப் புறப்பட்டு, சிதம்பரம் முதலிய தலங்களைக் கண்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழி என்ற ஊரை அடைந்தார். அங்கே வேங்கட ரெட்டியார் என்பவர் தம் வீட்டிலேயே அவருக்கு ஓர் அறை தந்து, சுமார் ஒன்பது ஆண்டுகள் பேணி வந்தார். திருவருட்பாவின் பாடல்கள் பல அந்த அறையில்தான் பிறந்தன.

அடிகளார் இரவெல்லாம் விளக்கொளியில் எழுதுவார். விளக்கிற்கு எண்ணெய் வார்க்க ஒரு மண்கலயம் அருகில் இருக்கும். அது உடைந்துவிடவே, ரெட்டியாரின் மனைவியார் புதுக் கலயம் ஒன்றைப் பழக்குவதற்காக அதில் நீர் நிரப்பி வைத்துவிட்டு, வெளியூர் சென்றுவிட்டார். எண்ணெய் என்று எண்ணிய அடிகளார் இரவு முழுவதும் அந்த நீரையே விளக்கில் வார்த்தார். விளக்கு விடியும் வரை நின்று எரிந்தது என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. நீருக்குள் நெருப்பு என்பது அக்கினி தீர்த்தத்து மக்களாகிய நமக்குக் கேட்கக் கேட்க இனிக்கும் கதை!

ஆனால் அடிகளாரே இப்படிப்பட்ட அற்புதங்களைத் தம் பெருமையாகப் பேசித் திரியவில்லை. அவர் மனத்தை அரித்துக் கொண்டிருந்தது வேறொன்று. வயல்கள் காய்ந்தன, ஏழைகள் சோறின்றி ஊர் ஊராக அலைந்தனர், அவர்களுக்குச் சோறு கொடுக்க மனம் உள்ள இடங்களிலும் முதலில் சாதி என்ன, குலம் என்ன என்ற கேள்வி எழுந்தது. பசித்தவனிடம் கேட்கத் தகுந்த கேள்வியா அது? எவ்வுயிரும் தம் உயிர் போன்றதே என்று எண்ணுவதே உண்மையான வழிபாடு என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1865ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். சாதி, சமய வேறுபாடு பாராமல் யாவரும் அதில் சேரலாம். உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதே அதன் முதல் நெறி.

அடுப்பு மூட்டிய நாள்

சங்கம் என்று பெயர் சூட்டினால் போதுமா? இரக்கம் என்று எழுதினால் பசி ஆறுமா? அடிகளார் செயலில் இறங்கினார். வடலூரில் சாலைகள் கூடும் ஒரு வெட்டவெளியைத் தேர்ந்தார். அந்தப் பகுதியின் குடியானவர்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். அரசரோ ஜமீன்தாரோ தந்த நிலம் அன்று அது. உழவர்கள் ஒன்றுகூடித் தந்த நிலம்.

1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், தமிழுக்கு வைகாசி 11, அங்கே சத்திய தருமசாலை தொடங்கப்பட்டது. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பெரிய அடுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அடிகளார் அதில் நெருப்பை மூட்டினார். வருவோர் யாராயினும் ஊர், பேர், குலம் கேளாமல் உணவிட வேண்டும்; அடுப்பு என்றும் அணையக் கூடாது என்பது ஏற்பாடு. அதே ஆண்டில்தான் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளும் அச்சில் வெளிவந்தன. ஏறத்தாழ 6,000 பாடல்களைப் பாடிய அந்தப் பெருங்கவிஞருக்கு நூல் வெளிவந்த மகிழ்ச்சியைவிட அடுப்பு எரிந்த மகிழ்ச்சியே பெரிதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கோடையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் விறகு வேண்டும். இன்று அரிசி இருக்கிறது, நாளைக்கு வேண்டும். ஒரு முறை சாலையில் அரிசி தீர்ந்து போயிற்று. பொறுப்பாளர் கலங்கி வந்து சொன்னபோது அடிகளார் சற்று நேரம் தனித்திருந்து தியானித்துவிட்டு, நாளைக்கு எல்லாம் வரும் என்று ஆறுதல் கூறினாராம். மறுநாள் மூன்று வண்டிகளில் அரிசி வந்து இறங்கியதாம். இதை அற்புதம் என்பார் சிலர். எங்கோ ஓர் ஊரில் ஓர் உழவருக்கு வண்டி பூட்ட மனம் வந்ததே, அதுவே பெரிய அற்புதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல் கடந்த இன்னொரு நெருப்பு

அணையாத நெருப்பைச் சுற்றி ஒரு கூட்டம் வாழ்வது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அயர்லாந்து நாட்டில் கில்டேர் என்ற ஊர் உள்ளது. ஓக் மரத்துக் கோயில் என்பது அப்பெயரின் பொருள். அங்கே ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித பிரிஜித்தம்மாள் பெண்களுக்கான துறவு மடம் ஒன்றை நிறுவினார். அவருடைய திருநாள் பிப்ரவரி 1.

அந்நாட்டின் பழங்குடியினராகிய கெல்டியர், கிறிஸ்தவம் வருமுன் பிரிஜித் என்ற பெயரிலேயே ஒரு தெய்வத்தை வணங்கினர். கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லர் உலைக்கும் உரியவள் அவள். நெருப்போடு சேர்த்து எண்ணப்பட்டவள். அக்காலத்துக் குருமாரும் அறிஞருமாக விளங்கியவர்கள் துரூயிதர் எனப்பட்டனர். புனித பிரிஜித்தம்மாளின் தாய் ஓர் அடிமைப் பெண் என்றும், அவர் ஒரு துரூயிதரின் வீட்டுக்கு விற்கப்பட்டார் என்றும், சிறுமி பிரிஜித் அங்கேதான் வளர்ந்தாள் என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. அந்த வீட்டுப் பால்பண்ணையின் வெண்ணெயை எல்லாம் ஏழைகளுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவாளாம். ஆனாலும் பானை நிறைந்தே இருக்குமாம். தந்தையின் மணிகள் பதித்த வாளையே ஒரு தொழுநோயாளிக்குத் தூக்கிக் கொடுத்தவள் அவள். வடலூரின் மூன்று வண்டி அரிசியும் கில்டேரின் வெண்ணெய்ப் பானையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன, பாருங்கள்!

கில்டேர் மடத்தில் ஒரு நெருப்பு அணையாமல் காக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்து சென்ற ஜெரால்டு என்ற எழுத்தாளர் அதைக் குறித்து வைத்திருக்கிறார். 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக முறை வைத்து அதைக் காத்தனர். இருபதாம் இரவு, காவலைப் புனிதையிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக் கொள்வார்கள். விடிந்து பார்த்தால் விறகு எரிந்திருக்கும். நெருப்பு நின்றிருக்கும் என்பது நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் மடங்கள் மூடப்பட்டபோது அந்நெருப்பு அணைந்தது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழிந்து, 1993ஆம் ஆண்டு, பிரிஜித்தம்மாளின் பெயரைத் தாங்கிய சபையின் அருட்சகோதரியர் அதைக் கில்டேரில் மீண்டும் ஏற்றினார்கள். 2023 முதல் அயர்லாந்து அரசு அவருடைய திருநாளை ஒட்டிப் பொது விடுமுறையும் அளித்து வருகிறது. துரூயிதர் நெறியைப் புதுப்பித்து வாழ முயலும் இக்காலக் குழுவினர் சிலரும், வெவ்வேறு ஊர்களில் இருந்தபடியே, இருபது நாள் முறை வைத்து வீட்டில் விளக்கேற்றிக் காக்கிறார்கள்.

அவர்கள் நம்பிக்கை வேறு. நம் நம்பிக்கை வேறு. வடலூர் அன்பர்களின் நம்பிக்கை வேறு. ஆனால் மூன்றிலும் ஓர் உண்மை பொதுவாக இருப்பதைக் காண்கிறோம். நெருப்பு தானாக எரிவதில்லை. இன்று என் முறை என்று ஒருவர் எழுந்து வர வேண்டும். பத்தொன்பது பேர் தம் முறையைத் தவறாமல் செய்தால்தான் இருபதாம் இரவை இறைவனிடம் விட முடியும்!

சத்திய ஞான சபை

தருமசாலையை நிறுவிய பின்னரே அடிகளார் வழிபாட்டுக்கான சபையைக் கட்டினார். முதலில் அடுப்பு, அதன் பிறகு விளக்கு! இந்த வரிசை தற்செயலானது அன்று. பசித்த வயிற்றுக்கு உணவிட்ட பிறகே பிரார்த்தனை என்பதை அவர் கட்டடங்களாகவே எழுதிக் காட்டிவிட்டார்.

1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. எண்கோண வடிவம் கொண்ட அச்சபையில் சிலை கிடையாது. ஒரு விளக்கு; அதன் முன் ஒரு பெரிய கண்ணாடி; அதற்கு முன் கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் என ஏழு திரைகள். நம் அறியாமையே அந்தத் திரைகள் என்றும், அவை ஒவ்வொன்றாக விலகினால் ஒளி தெரியும் என்றும் பொருள் சொல்வர். தில்லையில் குழந்தை சிரித்த திரையும், ஏழுகிணற்று மாடியறையின் கண்ணாடியும் விளக்கும் இங்கே ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன. ஆண்டுதோறும் தைப்பூச நாளில் ஏழு திரைகளையும் நீக்கிச் சோதி தரிசனம் காட்டுகிறார்கள். அதைக் காண இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள்.

அடிகளாருக்கு எதிர்ப்பும் இருந்தது. அவருடைய பாடல்களை அருட்பா என்று அழைப்பது தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதலியோர் மறுத்தனர். அந்த வாதம் 1869ஆம் ஆண்டு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நாவலரும் தமிழுக்குப் பெருந்தொண்டு செய்த பேரறிஞரே. இருவரும் தத்தம் கொள்கைக்காக நின்றார்கள். அத்தனை வாதங்களுக்கு நடுவிலும் தருமசாலையில் உலை கொதித்துக் கொண்டுதான் இருந்தது.

இறுதி ஆண்டுகளில் அடிகளார் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்று தாம் பெயரிட்ட இல்லத்தில் தங்கினார். 1873ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே கொடியேற்றி, அன்பர்களுக்கு நீண்ட உபதேசம் செய்தார். பிறகு தம் அறைக்குள் எரிந்த விளக்கை எடுத்து வெளியே வைத்து, அதையே வழிபட்டு வருமாறு பணித்தார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக் கொண்டார். அவர் அதன்பின் வெளியே வரவில்லை. சில மாதங்கள் கழித்து அரசு அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. அவர் ஒளியோடு ஒளியாகக் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 50.

அவருக்குப் பின்

தலைவர் மறைந்தால் அறப்பணியும் மறைவதை உலகில் எத்தனையோ இடங்களில் காண்கிறோம். அடிகளார் மறைந்து இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அன்று நம் தருமபுரிப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலம் மாவட்டம் பஞ்சத்தால் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. அடுப்பு மூட்டியவர் இல்லை. நாடெங்கும் தானியம் இல்லை. எனினும் வடலூரின் அடுப்பு அணையவில்லை. கல்பட்டு ஐயா முதலான அன்பர்கள் சாலையைக் கட்டிக் காத்தனர்.

அவர்களுக்குப் பின் வேறு சிலர். அவர்களுக்குப் பின் இன்னும் சிலர். யார் யார் விறகு உடைத்தார்கள், யார் யார் அரிசி களைந்தார்கள், எந்தத் தாய்மார் காய் அரிந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கைகள் இல்லையென்றால் அந்த நெருப்பு என்றோ சாம்பலாகியிருக்கும். இன்றும் தருமசாலையில் மூன்று வேளையும் உணவு வழங்கப்படுகிறது. வெளியூர்களிலிருந்து உழவர்கள் அரிசியும் காய்கறியும் கொண்டு வந்து தருகிறார்கள். தமிழ்நாடெங்கும் உள்ள சன்மார்க்க சங்கங்கள் தத்தம் ஊரில் கஞ்சியும் சோறும் வழங்குகின்றன. அடிகளார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு அறிவித்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தமிழ்நாடெங்கும் கொண்டு வந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. பள்ளி வரிசையில் தட்டேந்தி நிற்கும் பிள்ளையிடம் யாரும் குலம் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை எந்தப் பின்கட்டிலும் ஒளிந்து உண்ண வேண்டியதில்லை. இராமலிங்கர் என்ற சிறுவனுக்குக் கிடைக்காத அந்த மதிப்பு இன்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

அன்புத் தோழியரே! நாம் எல்லோரும் வள்ளலார் ஆக முடியாது; புனித பிரிஜித்தம்மாள் ஆகவும் முடியாது. ஆனால் பாப்பாத்தி அம்மாள் ஆகலாம். அவர் மடம் கட்டவில்லை, பாட்டெழுதவில்லை, சங்கம் தொடங்கவில்லை. பசித்த பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறு வைத்தார், அவ்வளவே. வகுப்பில் மதிய வேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல், பசிக்கவில்லை என்று சொல்லி வெளியே நழுவும் தோழி நம் பக்கத்திலேயே இருக்கலாம். அவளிடம் காரணம் கேட்டு அவளை நாணச் செய்யாமல், நம் உணவை அவளோடு பகிர்ந்து கொள்ளலாம். பெற்றோர்களே! வீட்டில் சோறு பொங்குவது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணாமல், ஆண் பிள்ளைகளுக்கும் அந்த அடுப்பைப் பழக்குங்கள். வடலூரில் முதல் நெருப்பை மூட்டியவர் ஓர் ஆண்மகன் அல்லவா?

மலை உச்சியின் தீபம் சில நாட்களில் அணையும். மேடையில் ஏற்றிய குத்துவிளக்கு விழா முடிந்ததும் அணையும். பிறர் பசிக்காக எரியும் அடுப்பு மட்டும், அதற்கு விறகு தள்ள ஒரு கை உள்ளவரை அணையாது. அந்தக் கைகளுள் நம் கையும் ஒன்றாகட்டும்!

வாழ்க வள்ளலார் புகழ்! வளர்க அவர் மூட்டிய அறம்!